இருக்கட்டும் ஹாஜி

முன்பெல்லாம் கடைக்காரன் "இருக்கட்டும் ஹாஜி, காசு எதுக்கு?" என்பான். அது மரியாதை. மூன்றாம் முறை நீட்டினால் வாங்கிக் கல்லாவில் போட்டுவிடுவான். இந்தக் காலத்து ஆட்களோ நிஜமாகவே வேண்டாம் என்கிறார்கள்.

அதில்தான் பயூமிக்குச் சந்தேகம்.

அலெக்சாண்ட்ரியாவில், டிராம் தண்டவாளத்தை ஒட்டிய கணினி ரிப்பேர் கடை. அவர் நின்றுகொண்டிருந்தார். மனைவி இஹ்சான் சக்கர நாற்காலியில் இருந்தாள்.

குளிர்காலத்தில் வந்த பக்கவாதம் அவள் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மிச்சம். நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சு செய்து பழகிய விரல்கள்.

மருமகன் தூக்கிப்போட இருந்த லேப்டாப் ஒன்று கிடைத்தது. அதில் எழுதும் செயலி பெரியது, மெஷினோ கிழடு. ஓர் எழுத்தை அழுத்தினால், அது திரைக்கு வருவதற்குள் அவள் விரல் சோர்ந்து மடியில் விழும். நேற்று அவள் அதை மூடித் தள்ளிவிட்டாள். இனி தொடமாட்டாளோ என்று அவருக்கு இரவெல்லாம் பயம்.

"இதுக்கு எலும்பும் தோலுமா ஒரு செயலி போதும், ஹாஜி" என்றாள் கடைக்காரி தஹானி.

முதலில் போட்ட செயலி வேகத்தில் பறந்தது. சோதித்துப் பார்க்க அவர் பெயரையே அடித்தாள்.

பயூமிக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயர் மட்டும் தெரியும். அவித்த மொச்சை விற்ற அவருடைய வண்டியின் நெற்றியில் அது இருந்தது. அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி, வலமிருந்து இடமாகப் போக வேண்டும். திரையிலோ அவை ஒன்றையொன்று தொடாமல், முன்பின்னாக நின்றன.

"இது நானில்ல. என்னை வெட்டிக் கூறு போட்டிருக்கே!"

இஹ்சானின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

அடுத்தது எழுத்துகளைச் சேர்த்தது, ஆனால் நகரவில்லை. மூன்றாவதில், தொட்டதும் எழுத்து விழுந்தது. விழுந்ததும் பக்கத்து எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டது.

"இதுதான் நான்" என்று பணத்தை நீட்டினார்.

"இருக்கட்டும் ஹாஜி."

மறுபடி நீட்டினார். மறுபடி. தஹானி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சத்தியமா இதுக்கு விலையே கிடையாது. யாரோ எழுதி ஊருக்கே விட்டிருக்காங்க."

"முகம் தெரியாதவன் எனக்கு எதுக்குச் சும்மா குடுக்கணும்? பின்னாடி என் வீட்டைக் கேப்பானா?"

டக். டக். டக்.

இஹ்சான் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வரியில் அவருக்குத் தன் பெயர் மட்டும் பிடிபட்டது.

"என்னவாம்?"

தஹானி தயங்கி, மெல்லிய குரலில் படித்தாள். "பயூமி, வாயை மூடு. அந்தப் பொண்ணுக்கு நன்றி சொல்லு."

டிராம் ஒன்று கடந்து போயிற்று.

"அவ இப்படிச் சொல்ல மாட்டா."

தஹானியின் முகம் சுருங்கியது. "நான் ஒண்ணும் சேர்க்கல, ஹாஜி."

"இவ்ளோ மெதுவாச் சொல்ல மாட்டா. கத்துவா. கத்திப் படி."

தஹானி கத்தினாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பயூமி கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை."

அதையும் கேட்டுவிட்டு, லேப்டாப்பை இஹ்சானின் மடியில் வைத்து நாற்காலியைத் தள்ளினார். வாசலில் ஒரு கணம் நின்று, திரும்பாமலே, வலது உள்ளங்கையை நெஞ்சின்மேல் வைத்தார். படி இறக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் எடுத்துவிட்டார்.

"சும்மா குடுத்தது. ஒரு வாரம் தாண்டாது, பாரு" என்று முனகியபடி நடந்தார்.

மடியில் டக் டக் என்று பதில் வந்துகொண்டிருந்தது.