முளைக்காத பல்

பிரிஸில்லா கை கழுவப் போன நேரத்தில் ஜாய்சன் தன் இரண்டு பற்களையும் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி மேஜை ஓரத்தில் வைத்தான்.

சிவாஜிநகர் சிக்கன் கபாபுக்கு அந்தப் பல் தகடு தாங்காது.

மேலே முன்பற்களின் இரண்டு பக்கமும் அவனுக்குப் பல் முளைக்கவே இல்லை. பால்பல் விழுந்ததும், வரும் வரும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், உள்ளே பல்லே கிடையாது, பிறவியிலேயே இல்லை என்றார்.

அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர்தான். இல்லாததை அவர் மட்டும் எங்கே போய்த் தேடுவார்?

இப்போது இருபத்தெட்டு வயது. ஞாயிறு பூசை முடிந்து இரண்டு அம்மாக்களும் கல்யாணம் பேசி, போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று இவர்களை அனுப்பியிருந்தார்கள். பல் விஷயத்தை மட்டும் அம்மா சொல்லவில்லை.

கபாப் வந்த பிறகு அவன் உதட்டைத் திறக்காமல் மென்றான். அதுவரை நன்றாகப் பேசிய பிரிஸில்லாவும் வெறுமனே தலையாட்டினாள். பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

மேஜை துடைக்கிறவர் வந்தார். எலும்பு, வெங்காயம், டிஷ்யூ எல்லாவற்றையும் ஒரே வழிப்பில் வாளிக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

ஜாய்சன் பின்னாலேயே ஓடினான். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு கையை முழங்கைவரை வாளிக்குள் விட்டான். கடையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அடியில் ஒரு டிஷ்யூவுக்குள் தகடு தட்டுப்பட்டது.

குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவி வாயில் மாட்டினான். உட்காரவில்லை. கட்டை விரலால் அழுத்தினான். ஈறு வலித்ததுதான் மிச்சம்.

கழற்றிப் பார்த்தான். ஒரே ஒரு பல். அதுவும் பொடிசு.

நிமிர்ந்தால் கண்ணாடியில் பிரிஸில்லா, வாயைப் பொத்திக்கொண்டு.

"அது என்னுது," என்றாள். பாதி காற்றாக வந்தது. "வாய்ல போட்டுப் பாத்தீங்களா?"

ஜாய்சன் தலையாட்டினான்.

அவள் தகட்டை வாங்கி இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். கைப்பைக்குள் போட்டு மூடினாள். சுடிதார் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு நேராக வாளிக்குப் போய்க் குனிந்தாள்.

"உங்களுது எத்தனை பல்லு?"