தயிருக்குப் பக்கத்தில் இரண்டு போன்கள்

ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், தயிர்க் கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு போன்கள் படுத்திருந்தன. கறுப்பு நௌஷாதுடையது, நீலம் எட்வினுடையது. யார் போன் வேகமானது என்று அறை நண்பர்கள் இருவருக்கும் காலையிலிருந்து வாக்குவாதம். போன் குளிர்ந்திருந்தால் வேகச் சோதனையில் மார்க் கூடுமாம். அதனால்தான் இந்த ஏற்பாடு.

“உன் பிராசசர் போன வருஷத்து டிசைன்,” என்றது கறுப்பு.

“உன்னோடது புதுசா இருந்து என்ன, கொஞ்ச நேரம் கேம் ஆடினாலே தோசைக்கல் மாதிரி சுடுறே,” என்றது நீலம்.

தயிருக்குத் தலை வலித்தது. “இவ்வளவு வேகத்தை வெச்சு என்னதான் பண்ணுவீங்க?”

“டெஸ்ட் பண்ணுவோம்,” என்றன இரண்டும்.

“பிரியாணி ஆர்டர் பண்ணியிருக்காங்களே, டெலிவரிக்காரர் கூப்பிட்டா?”

“கூப்பிட முடியாது. டெஸ்ட் முடியிற வரைக்கும் ஃபிளைட் மோடு. முழு பலமும் மார்க்குக்குத்தான்,” என்று பெருமையாகச் சொன்னது கறுப்பு.

கதவு திறந்தது. நண்பர்கள் போன்களை மேஜையில் வைத்துச் சோதித்தார்கள். நீலம் மயிரிழையில் ஜெயித்தது. எட்வின் குதித்தான். நௌஷாத் ஃபிளைட் மோடை எடுத்ததும் ஒரு செய்தி வந்தது. தொடர்புகொள்ள முடியாததால் பிரியாணி திரும்பிப் போய்விட்டதாம்.

“குளிர் பத்தலை. அடுத்த தடவை ஃப்ரீசர்,” என்று கறுப்பு முனகிக்கொண்டிருக்கும்போதே, காலையில் வடித்த சோற்றோடு தயிர்க் கிண்ணமும் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

“கொஞ்சம் தள்ளிப் படுங்கப்பா,” என்றது தயிர். “தட்டு வைக்கணும்.”