அறுபது ஈட்டிகள்

"கையெழுத்துப் போடறேன் சார். ஆனா ஒண்ணை எறிஞ்சு பாத்துட்டுத்தான் போடுவேன்."

இதைக் கேட்கவே கூடாது என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நேற்றுச் சாப்பிடும்போது ஒருதரம். காலையில் பஸ்ஸில் ஒருதரம். கேட்டால் ரெண்டு பேர் வேலைக்கும் உலை என்றார்.

முதலாளி நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது.

அவள் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. இருபது வருஷமாக இந்தப் பட்டறையில் ஈட்டிக்கு முனை பொருத்துகிறவரின் மகள் உலோகவியல் முடித்திருக்கிறாள் என்று தெரிந்து முதலாளியாகவே கூப்பிட்டுக் கொடுத்த வேலை. அவருக்கு வேண்டியது அவள் மூளை அல்ல, பெயருக்குப் பின்னால் இருந்த பட்டம். அது இல்லாமல் தரச் சான்றிதழ் செல்லாது.

இதுவரை வரவேற்பறைச் சுவருக்கு அலங்கார ஈட்டி செய்த பட்டறை. இப்போது ஒரு விளையாட்டுக் கழகம் எறிகிற ஈட்டி அறுபது கேட்டிருந்தது. எறியப் போவது பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகள்.

"பாத்து எறிம்மா," என்றார் கடைசல்காரர், மெஷினை நிறுத்திவிட்டு. "கூடவே உன் பட்டமும் பறந்துடப் போகுது."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எறியட்டும்யா. மகளுக்கு ஒண்ணு எடுத்துக் குடு."

அப்பா மூலையில் உட்கார்ந்து முனைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் பூசுவார். வியர்வை உப்பு ஒரே வாரத்தில் துருவாகும். ஈட்டியைச் சுவரில் சாய்க்கவும் விடமாட்டார், கம்பு வளைந்துவிடும். சட்டத்தில் படுக்கவைத்திருந்த வரிசையிலிருந்து ஒன்றை உருவினார். அவள் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார்.

கம்பில் மரத்தின் ரேகை அடியிலிருந்து நுனிவரை ஒரே ஓட்டம். ஒற்றை விரலில் வைத்துப் பார்த்தாள். தராசு முள் மாதிரி அசையாமல் நின்றது. கை குறுகுறுத்தது.

பின்பக்கத்து வெட்டவெளியில் பலகைகளை அடுக்கி நிறுத்தினார்கள். பாக்கிங் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். ஆறடி ஓடினாள். விட்டாள்.

ஈட்டி ஒரு நொடி நடுங்கி, நேராகி, சடக்கென்று பலகையில் இறங்கி அதிர்ந்தது.

ஒரே கைதட்டல். கடைசல்காரர் விசிலே அடித்துவிட்டார். யார்மேல் எறிவதென்று தெரியாமல் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வீச்சில் போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. மூச்சு வாங்கியது. சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னும் பத்துத் தடவை எறியலாம் போலிருந்தது.

"போதுமாம்மா? இப்பவாவது போடறியா?" என்றார் முதலாளி.

சிரித்துக்கொண்டே போய் ஈட்டியை ஆட்டிப் பிடுங்கினாள்.

முனையும் கம்பும் சேருகிற கழுத்தில் கறுப்புப் பெயின்ட் உதிர்ந்திருந்தது. உள்ளே ஒரு ஆணி. ஊடே போய், மறுபக்கம் தட்டி மடக்கிய ஆணி.

எறிகிற ஈட்டிக்கு அதுதான் உயிர். சுவரில் தொங்குவதற்குப் பசை போதும். பசை போட்டதை எறிந்தால் பத்தாவது வீச்சிலோ இருபதாவதிலோ முனை கழன்றுவிடும். அது எந்தப் பிள்ளையை நோக்கிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே வந்தாள். சட்டத்தில் மீதி ஐம்பத்தொன்பது. ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டைவிரலால் அழுத்தித் தடவிக்கொண்டே போனாள். கடைசிவரை வழவழவென்றே இருந்தது. ஒரு ஆணித்தலைகூடத் தட்டுப்படவில்லை.

கேட்காதே என்று கெஞ்சினவர், அவள் எப்படியும் கேட்பாள் என்று ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார்.

அப்பா எண்ணெய்த் துணியை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

அவள் பேனாவை வாங்கினாள். சான்றிதழில் அறுபது என்று அச்சடித்திருந்ததைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் ஒன்று என்று எழுத்தால் எழுதி, கீழே பட்டத்தோடு கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படிப்பதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தாள்.