மதிலுக்கு வெளியே ஒரு தாளம்

காவலாளி மூன்றாம் முறையாக ஸ்கேனரை வைத்துப் பார்க்கிறார். மறுபடியும் சிவப்பு விளக்குதான். "இந்த டிக்கெட்ல ஏற்கெனவே யாரோ உள்ள போயிட்டாங்கம்மா. ஒண்ணையே பத்துப் பேருக்கு வித்திருக்கான் படுபாவி." கச்சேரி டிக்கெட் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் விற்றுத் தீர்ந்ததால், எவனிடமோ யானை விலை கொடுத்து அம்மாவுக்கும் தனக்குமாக மகள் வாங்கிய டிக்கெட் அது. அவள் முகம் வாடியதை மதிலோரம் நிற்கும் அம்மா பார்த்துவிடுகிறாள். மதிலுக்கு மேலே நீல வெளிச்சம் எழுகிறது. "விடுடி, இங்கேயே எவ்வளவு நல்லாக் கேக்குது பாரு" என்று கைப்பிடிக் கம்பியில் தாளம் போடுகிறாள். உள்ளே பாட்டு முடிந்து கைதட்டலும் அடங்கிவிடுகிறது. அம்மாவின் விரல்கள் நின்றபாடில்லை. பேட்டரி தீர்ந்துவிடும், உள்ளே போய் மாட்டிக்கொள்கிறேன் என்று அவள் கழற்றிக் கொடுத்த காது மெஷின், மகளின் உள்ளங்கையில் இருக்கிறது.