நடனக் கூடத்துக்கு நேர் மேலே

"டான்ஸ் ஹாலுக்கு நேர் மேல ஒரு ரூம் இருக்காமே, அது காலியா இருக்கா?"

கேட்டவள் புதுப் பெண்டாட்டி. பக்கத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நூலகருக்குக் காது மடல் வரை சூடேறியது. கல்யாணமாகி ஒரு ராத்திரிதான் போயிருக்கிறது.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ரூமை யாருமே கேக்க மாட்டாங்க மேடம். தெரியாம குடுத்துட்டாலே சண்டைக்கு வந்துடுவாங்க. பின்பக்கம் அமைதியா ஒண்ணு இருக்கு, தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். பாட்டை நடுவுல நிறுத்துவாங்களா?"

"விடியற வரைக்கும் நிக்காது. தரையே அதிரும்."

"அப்ப அதையே குடுங்க!" அவளுக்கு வாயெல்லாம் பல்.

நூலகர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஊதா விளக்கும் கறுப்புக் கண்ணாடியுமாக மினுக்கிய அந்த வரவேற்புக் கூடத்தில், எப்படி உட்காருவது என்றே தெரியாத நாற்காலிகள் கிடந்தன. தான் இந்த இடத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்பதுதான் வேதனை.

அவர் முதலில் பார்த்து வைத்திருந்தது ஏரிக்கரையில் ஒரு விடுதி. நிச்சயம் ஆன கையோடு படங்களைக் காட்டி, "குண்டூசி விழுந்தாக்கூட கேக்குமாம்" என்று பெருமையாகச் சொன்னார். அவள் முகம் செத்துப் போயிற்று.

"அங்க வேண்டாங்க. டவுனுக்கு நடுவுல, ராத்திரியெல்லாம் ஆட்டம் பாட்டுன்னு இருக்கிற தெருவுல பாப்போமே" என்றாள். அப்புறம் அவளே ஒவ்வொரு ஹோட்டலாகத் துருவித் துருவிப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தாள்.

நூலகருக்குச் சொல்லாமலே புரிந்தது. பகல் முழுக்க உதட்டில் விரலை வைத்து, "உஷ்... சத்தம் போடாதீங்க" என்று பிழைப்பு நடத்துகிறவனைக் கட்டிக்கொள்ள எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை வரும்? நேற்று ராத்திரி அவள் சொந்தக்காரப் பெண்களோடுதான் படுத்தாள்; "அண்ணி பொட்டுத் தூக்கம் தூங்கல. சுவரையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க" என்று தங்கை காலையில் வந்து சொன்னாள். இன்று மத்தியான ரயிலிலும் அப்படித்தான். பெட்டியே தூங்கி வழிய, அவள் மட்டும் காபி மேல் காபியாகக் குடித்துக்கொண்டு விழித்திருந்தாள். வருத்தப்படுகிறாள், வேறென்ன?

ஆனாலும் இந்த ஹோட்டல் முடிவான நாளிலிருந்தே அவர் சும்மா இருந்துவிடவில்லை. நூலகத்தைப் பூட்டிய பிறகு, புத்தக அலமாரிகளுக்கு நடுவே செல்போனில் வீடியோவை ஓடவிட்டு நடனம் பழகிப் பார்த்தார். ஜன்னல் வழியே பார்த்த காவலாளி, ஐயாவுக்குக் கரண்ட் ஷாக் அடித்துவிட்டதென்று ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். அன்றோடு பழகலும் அணைந்தது.

அறைக்கு வந்ததும் நூலகர் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார். பெட்டியின் அடியில் ஒளித்து எடுத்து வந்த சட்டையை மாட்டினார். உடம்பெல்லாம் ஜிகினா. கண்ணாடியில் தன்னைப் பார்க்க அவருக்கே வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு முறை தாழ்ப்பாளில் கை வைத்து, இரண்டு முறை எடுத்தார்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே மேளம்போல ஏதோ ஒன்று மெல்ல அதிர ஆரம்பித்தது. சரி, நடப்பது நடக்கட்டும் என்று கதவைத் திறந்தார்.

அவள் பழைய நைட்டியோடு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. சட்டையைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"என்னங்க இது?"

"கீழ போய் ஆட வேண்டாமா? நீ இன்னும் கிளம்பலயா?"

"நானா? எனக்கு அதெல்லாம் பழக்கமே இல்லீங்க. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

நூலகர் அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜிகினா இரண்டு உதிர்ந்து தரையில் விழுந்தது. இத்தனை கோமாளித்தனமும் வீணா என்று அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

"எனக்கும் ஆட வராதும்மா. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது? நான் ஒரு சப்பையான ஆளு. என்கூட இருக்கிறது லைப்ரரிக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரிதான் இருக்கும். ஒரு பேனா உருண்டாலே தூக்கம் கலைஞ்சிடும் எனக்கு. அதெல்லாம் பிடிக்காமத்தானே இந்த இடமே வேணும்னு நின்ன?"

"பிடிக்காமயா!" அவள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "நீங்க அந்தப் பேனாக் கதையைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொன்னீங்க. அதுலேர்ந்து எனக்கு ஒரே பயமா இருக்குங்க."

"ஏம்மா? அதுல உனக்கு என்ன பயம்?"

"இருங்க. கீழ இன்னும் கொஞ்சம் சத்தம் ஏறட்டும். அப்பத்தான் சொல்ல தைரியம் வரும்."

சத்தம் ஏறியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேஜைமேல் இருந்த டம்ளர் தானாக நகர்ந்தது. அவள் ஒரு விரலை மட்டும் விலக்கி, ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். நூலகர் குனிந்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோனார்.

"நான் பயங்கரமா குறட்டை விடுவேங்க."