பிச்சை முகம்மது எடுக்காத சுமை

காயங்களை ஆராய்ந்து கற்றுக்கொடுக்கும் ராணுவ மருத்துவக் கல்லூரியை மூட உத்தரவு வந்துவிட்டது. சாமான்களை ஏற்ற, கொடைக்கானல் பனிக்குள் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. மேஸ்திரி பிச்சை முகம்மது தலையில் சும்மாட்டுத் துணி ஏறினால்தான் சுமைக்காரர்கள் நாங்கள் பெட்டியைத் தொடுவோம். அவரோ அதைத் தரையில் போட்டு மேலே உட்காருகிறார். "ஏலே, எந்திரிச்சு சோலியப் பாரு!" என்று கான்ட்ராக்டர் ஞானவேல் ஜாக்கிக் கம்பியால் அவர் நெற்றியைப் பிளக்கிறான். "காட்டுமாடு கிழிச்ச எம்மவளத் தெச்சுக் குடுத்த எடம்ங்க. எடுக்க மாட்டோம்" என்கிறார் மேஸ்திரி. ரத்தம் அவர் கண்ணை மறைக்கிறது. அடுத்த அடி தோளில் இறங்க, எலும்பு முறிவது எங்களுக்கே கேட்கிறது. பாய்ந்து கம்பியைப் பிடுங்குகிறோம். ராணுவ டாக்டரம்மா ஊசி நூலோடு ஓடிவந்து மண்டியிடுகிறார். மாணவர்களை அருகே அழைத்து, தையல் போடுவதை விளக்க ஆரம்பிக்கிறார். "நல்லாப் பாத்துக்கங்க பிள்ளைகளா, நாளைக்கும் லாரி வரும்" என்கிறார் மேஸ்திரி.