பையைப் பிடித்த கைகள்

பள்ளிப்பை கனக்கவே இல்லை.

அதன் அடியில் கை கொடுத்தபோதுதான் தலைமையாசிரியைக்கு அது தெரிந்தது.

ஒன்றிய அலுவலகத்தின் கூட்ட அறை. சுவரில் பதாகை: ‘துறைகள் கைகோத்தால் குழந்தை வீடு சேரும்.’ அதன் கீழே காவல், கல்வி, சுகாதாரம், தொழிலாளர் நலம், சமூக நலம் என எல்லாத் துறைகளும் ஒரே பையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

வழங்கும் பொருள் எதுவாயினும், வந்திருப்போர் அனைவருடைய கையும் அதன்மேல் பட வேண்டும். அதுவே வழக்கம். படத்தில் இல்லாத துறை, பணி செய்யாத துறை.

நடுவில் நாகஜோதி. பதின்மூன்று வயது. காப்பகத்தில் இறுக்கிப் பின்னிவிட்ட இரட்டைச் சடை.

அருகில் அவளுடைய சித்தப்பா. புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை.

சென்ற ஆண்டு, தலைமையாசிரியையின் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவளை நிறுத்தி நூற்பாலைக்கு அனுப்பியவர் அவர்தாம்.

ஆலை விடுதியின் இரும்புக் கதவைத் தட்டி அவளை மீட்டு வந்தவர்கள் இருவர். ஒருத்தி, குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினராக இங்கு நிற்கும் இந்தத் தலைமையாசிரியை. மற்றொருத்தி, பையின் எதிர்முனையைப் பிடித்திருக்கும் பெண் காவலர். அன்று காக்கிச் சீருடையைக் கண்டதும், தலைமயிரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்த சிறுமி, “என்னையப் பிடிக்கவாக்கா வந்தீங்க?” என்று கேட்டாள்.

இப்போது புதிய அரசாணை வந்திருக்கிறது. காப்பகங்கள் குறைய வேண்டும். குழந்தைகள் உறவினரிடம் சேர வேண்டும். நல்ல எண்ணந்தான். அந்த உறவினர் எத்தகையவர் என்று கேட்பதற்கு மட்டும் அவகாசம் இல்லை. மாத இறுதிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

“டீச்சரம்மா, கொஞ்சம் சிரிங்க. எழவு வீட்டுப் படம் மாதிரி விழுது,” என்றார் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்த அலுவலக உதவியாளர்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர் படம் பிடித்துக்கொண்டார்.

“அவ்வளவுதான் சார். டீ வந்துருச்சு.”

கைகள் விலகின.

தலைமையாசிரியையின் கை விலகவில்லை.

பையைத் திறந்தாள். உள்ளே, கசக்கித் திணித்த பழைய செய்தித்தாள். படத்தில் பை உப்பித் தெரிவதற்காக.

“புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கீங்க?”

கல்வித்துறை சமூக நலத்துறையைப் பார்த்தது. சமூக நலத்துறை தொழிலாளர் துறையைப் பார்த்தது. தொழிலாளர் துறை சுகாதாரத்துறையைப் பார்த்தது. சுகாதாரத்துறை தேநீர்த் தட்டைப் பார்த்தது.

அடுத்த துறை செய்திருக்கும் என்று ஒவ்வொரு துறையும் நம்பியிருந்தது. ஒருங்கிணைப்பு என்பதற்கு இங்கு அதுவே பொருள்.

“அதெல்லாம் ஊருக்குப் போயி பாத்துக்கலாம் டீச்சர். நான் என்ன அசலாரா?” சித்தப்பா பையை நோக்கிக் கை நீட்டினார்.

நாகஜோதி முதன்முறையாக வாய் திறந்தாள்.

“திரும்ப மில்லுக்கா, சித்தப்பா?”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அவ்வளவுதான் அவருடைய விடை. அறையில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது.

கூட்டத்திற்குத் தலைமை வகித்த அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கடிந்து பேசவில்லை. அப்படிப் பேசுவதற்கும் அவருக்கு நேரம் இல்லை.

“மேடம், இது எல்லாருமா சேந்து எடுத்த முடிவு. நீங்களுந்தான படத்துல இருக்கீங்க?”

“அப்பப் படத்த அழிங்க.”

உதவியாளரின் கட்டைவிரல் திரைக்கு மேலே அசையாமல் நின்றது. அனுப்புவதா, அழிப்பதா? அவர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் பதாகையைப் பார்த்தார்.

சித்தப்பா பையின் வாரைப் பற்றி இழுத்தார்.

தலைமையாசிரியை விடவில்லை. இழுத்த வேகத்தில் காலணி ஒன்று கழன்றது. வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். மறுவாரைப் பிடித்திருந்த நாகஜோதியின் விரல்கள் வெளுத்திருந்தன.

“மரியாதையா விடுங்க டீச்சர். எங்க வீட்டுப் புள்ள.”

“என் வகுப்புப் புள்ள.”

எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். அருந்துவதுபோல் இருந்தார்கள்.

பெண் காவலர் மட்டும் கையிலிருந்த குவளையை வாயருகே கொண்டுசெல்லவில்லை. அலுவலரை ஒருமுறை பார்த்தாள். குவளையை மேசைமேல் வைத்தாள்.

நடந்து வந்தாள்.

முன்பு பிடித்திருந்த அதே முனையில் கை வைத்தாள்.

இம்முறை யாரும் படம் எடுக்கவில்லை.